வலிப்பு மாத்திரைகள் வந்த கதை: ஒரு நீண்ட இழை

1/
போன மாசம் ஒரு நைட் டியூட்டி. மணி ரெண்டு இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. கல்யாணமாகி மூணு வாரம்தான் ஆகியிருந்தது. வலிப்பு நின்று அரைத்தூக்கத்தில் இருந்தார். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. வலது கைக்குள் ஒரு பெரிய இரும்புச் சாவி.

"சாவியக் குடுத்ததும் நின்னுருச்சு டாக்டர்" என்றார் கணவர். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

(அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
விடியக்காலை பெண்ணின் அம்மா ஓடி வந்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அழுதுகொண்டே சொன்னார்:

"மூணு வருசமா எப்டாயின் போட்டுக்கிட்டு இருந்தா சார். மூணு வருசமும் ஒருதடவ கூட வரல. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா வாழாவெட்டியா அனுப்பிருவாகளோன்னு, நாந்தான் மாத்திரைய வேணாம்னுட்டேன்."

3/
எப்டாயின் என்பது கம்பெனிப் பெயர். உள்ளே இருக்கும் மருந்து ஃபெனிடாயின். அந்தச் சின்ன மாத்திரை நம்ம கைக்கு வந்து சேர்ந்த கதையை இன்று சொல்கிறேன். "பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்ட மாத்திரை என் பையனுக்கு ஏன் கேக்கல?", "வலிப்புதான் வரலையே, நிறுத்திறலாமா?" என்று தினமும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

4/
மதுரைக்காரர்கள் மீனாட்சியம்மன் கோயிலில் வெள்ளியம்பலத்தைப் பார்த்திருப்பீர்கள். கால் மாறி ஆடும் நடராஜர். அவர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறவன் முயலகன். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஆயுர்வேத நூல்களில் வலிப்பு நோய்க்குப் பெயர் அபஸ்மாரம்.

தமிழிலும் முயலகன் என்பது நோயின் பெயர்தான். கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலக நோயைத் திருவாசியில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே ஊரைப் பயமுறுத்திய நோய் இது.

5/
அப்புறம் சாவி. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று, இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். விழுந்தவரைப் பார்த்து, கூச்சல் போட்டு, சாவி தேடி எடுத்து வந்து கையில் திணிக்கவும் அதே இரண்டு நிமிடம்தான் ஆகும். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பெயர் மட்டும் சாவிக்கு.

"படிக்காத ஜனம்" என்று யாரும் சிரிக்க வேண்டாம். படித்த மருத்துவர்களும் இதே தப்பைச் செய்தவர்கள்தான்.

6/
1857, லண்டன். சர் சார்லஸ் லோகாக், விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த டாக்டர். ஒரு மருத்துவக் கூட்டத்தில் எழுந்து, மாதவிடாயை ஒட்டி வலிப்பு வரும் பெண்கள் பதினாலு பதினைந்து பேருக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்தேன், ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குக் கேட்டது என்றார்.

ஏன் அதைக் கொடுத்தார்? வலிப்புக்குக் காரணம் காம உணர்ச்சி என்று அன்றைக்கு நம்பினார்கள். புரோமைடு அந்த உணர்ச்சியைக் குறைக்கும் என்பது கணக்கு. காரணம் முழுக்கத் தப்பு. ஆனால் மருந்து நிஜமாகவே வேலை செய்தது!

7/
வலிப்புக்கு உருப்படியாக வேலை செய்த முதல் மருந்து அதுதான். அரை நூற்றாண்டுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை.

கொடுத்த விலையும் அதிகம். புரோமைடு உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். முகமெல்லாம் பரு, எந்நேரமும் மந்தம், ஞாபகமறதி, சிலருக்குப் புத்தியே பேதலிக்கும். வலிப்பு குறைந்தது, ஆளும் அரை மயக்கத்தில் கிடந்தார்.

8/
அடுத்து 1912, ஜெர்மனியின் ஃப்ரைபர்க். ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர். வார்டில் வலிப்பு நோயாளிகள் ராத்திரியெல்லாம் விழுந்து எழுந்து, அவருக்கும் தூக்கம் போனது. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த லூமினல் என்ற தூக்க மாத்திரையை அவர்களுக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

ராத்திரி அமைதியாகப் போனது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மறுநாள் பகலிலும் வலிப்பு குறைந்திருந்தது. அதை அவர் கவனித்தார், எண்ணினார், எழுதி வைத்தார், பத்திரிகையில் வெளியிட்டார்.

9/
லூமினல்தான் ஃபீனோபார்பிடோன். நம்ம ஊரில் கார்டினால் என்ற பெயரில் தெரியும். நூறு வருஷம் தாண்டியும் இன்னும் எழுதுகிறோம். விலை ரொம்பக் குறைவு. உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் தினம் ஒருவேளை போதும். தூக்கக் கலக்கம், குழந்தைகளிடம் துறுதுறுப்பும் எரிச்சலும் உண்டாக்குவது இதன் குறைகள்.

ஹாப்ட்மன் யூதர். ஹிட்லர் ஆட்சியில் பேராசிரியர் பதவி போனது. 1938-ல் டாஹாவ் முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய், 1948-ல் அங்கேயே இறந்தார்.

10/
அந்த பாஸ்டனில்தான் நம்ம கதையின் மாத்திரையும் வெளிச்சத்துக்கு வந்தது.

ஃபெனிடாயினை 1908-லேயே ஹைன்ரிக் பில்ட்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் தயாரித்துவிட்டார். தூக்கம் வரவைக்கவில்லை என்பதால் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வலிப்பு மருந்து என்றால் ஆளைத் தூங்க வைக்க வேண்டும் என்பதே அன்றைய நம்பிக்கை. முப்பது வருஷம் அலமாரியில் கிடந்தது.

11/
1930-களில் பாஸ்டன் சிட்டி மருத்துவமனையில் டிரேசி பட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற இருவர் மாற்றி யோசித்தார்கள். பூனைகளுக்கு அளந்து மின்சாரம் கொடுத்து, எந்த அளவில் வலிப்பு வருகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்து அந்த அளவு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். பார்க்-டேவிஸ் கம்பெனி அலமாரியில் இருந்து அனுப்பிய மருந்துகளில் ஃபெனிடாயினும் இருந்தது. ஜெயித்தது அதுதான்.

1938-ல் நோயாளிகளிடம் கிடைத்த பலனை வெளியிட்டார்கள். ஆளைத் தூங்க வைக்காமலே வலிப்பை நிறுத்தலாம் என்று உலகத்துக்கு முதல்முறையாகத் தெரிந்தது. வலிப்பு உள்ளவர் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம் என்ற பேச்சே அதற்கப்புறம்தான் சாத்தியமானது.

12/
மூளை செல்கள் மின்சாரத்தில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் சோடியம் உள்ளே வரும் வாசல்கள் உண்டு. வாசல் திறந்தால் ஒரு மின்துடிப்பு. வலிப்பின்போது ஒரு கூட்டம் செல்கள் ஓயாமல், ஒரே நேரத்தில் துடிக்கும். ஃபெனிடாயின் அப்படி ஓயாமல் திறந்து மூடும் வாசலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். சாதாரணப் பேச்சைத் தடுக்காது. அதனால்தான் தூக்கம் குறைவு.

குறைகள் இதிலும் உண்டு. ஈறு வீங்கும், முடி வளரும். டோஸ் கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் அளவு எகிறி, தள்ளாட்டம் வரும். "ரெண்டு மாத்திரை சேர்த்துப் போட்டா சீக்கிரம் குணமாகும்" என்பது இந்த மருந்தில் ஆபத்து.

13/
இனிதான் முக்கியமான திருப்பம். வலிப்பு என்பது ஒரே நோய் கிடையாது.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டார். அதுதான் இ.இ.ஜி. 1935-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள், சில நொடி வெறித்துப் பார்க்கும் குழந்தைகளின் மூளையில் விநாடிக்கு மூன்று வீதம் ஒழுங்கான அலைகள் ஓடுவதைக் கண்டார்கள். கை கால் இழுக்கிற வலிப்பின் அலைகள் அப்படி இல்லை.

14/
இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. மேலூர்ப் பக்கத்தில் இருந்து ஏழு வயசுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். வகுப்பில் திடீர் திடீரென்று வெறித்துப் பார்ப்பான். கவனமில்லை என்று அடி வாங்கியிருக்கிறான். யாரோ "இதுவும் வலிப்புதான்" என்று சொல்ல, அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கார்பமசெபின்.

அப்புறம் வெறிப்பது பல மடங்கு ஆகிவிட்டது.

15/
அந்தப் பையனுக்கு இருந்தது 'ஆப்சென்ஸ்' வகை. கார்பமசெபினும் ஃபெனிடாயினும் இந்த வகைக்கு உதவாது, சிலருக்கு அதிகமாக்கிவிடும். அம்மா போனில் எடுத்திருந்த வீடியோ, மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னதும் என் கண் முன்னாலேயே வந்த அந்த வெறிப்பு, பிறகு இ.இ.ஜி. மூன்றும் ஒன்றையே சொன்னது.

இந்த வகைக்கென்றே 1950-களின் கடைசியில் வந்த மருந்து எத்தோசக்ஸிமைட். இது சோடியத்தை விட்டுவிட்டு வேறொரு கால்சிய வாசலைப் பிடிக்கிறது. இன்றைக்கும் இந்த வகைக்கு முதல் தேர்வு. ஆனால் நம்ம பக்கம் எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைப்பதில்லை. பையனுக்கு நரம்பியல் மருத்துவர் வால்ப்ரோயேட் தொடங்கினார். இப்போது டீச்சர் சொல்வதை எழுதி முடிக்கிறான்.

16/
அப்போ கார்பமசெபின் மோசமான மருந்தா? இல்லவே இல்லை. 1953-ல் சுவிட்சர்லாந்தில் கெய்கி கம்பெனியின் வால்டர் ஷிண்ட்லர் உருவாக்கியது. முகத்தில் மின்னல் மாதிரி வெட்டும் நரம்பு வலிக்குத்தான் முதலில் பெயர் வாங்கியது. பிறகு, மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்பும் வலிப்புக்கு, அதாவது ஒரு கை மட்டும் வெட்டுவது, வாய் ஒரு பக்கம் கோணுவது போன்றவற்றுக்கு, மிக நல்ல மருந்து என்று தெரிந்தது. அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது சரியான மாத்திரை. இந்தப் பிள்ளைக்குத் தப்பு.

17/
வால்ப்ரோயேட்டின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1882-ல் தயாரான ஓர் அமிலம். எண்பது வருஷம் வெறும் கரைப்பானாகத்தான் இருந்தது, பெயின்டுக்கு டர்பன்டைன் மாதிரி.

1962-ல் பிரான்ஸில் பியர் எமார் என்ற ஆராய்ச்சி மாணவர் சில புது மருந்துகள் செய்தார். தண்ணீரில் கரையாததால் இந்த அமிலத்தில் கரைத்துச் சோதித்தார்கள். எந்த மருந்தைப் போட்டாலும் வலிப்பு நின்றது! எல்லாமே எப்படிக் கேட்கும் என்று சந்தேகப்பட்டு, கரைப்பானை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. 1967-ல் பிரான்ஸில் மருந்தாகவே வந்துவிட்டது. பல வகை வலிப்புகளுக்கு ஒரே மருந்து என்பது இதன் பலம்.

18/
சாவி கொடுத்தவரும் வலிப்பு நின்றதைப் பார்த்தார், எமார் குழுவும் பார்த்தது. என்ன வித்தியாசம்? இவர்கள் "இது இல்லாமலும் நின்றிருக்குமா?" என்று கேட்டுச் சோதித்தார்கள். மருத்துவம் சாவியை விட்டுப் பிரிந்து வந்த இடம் அந்தக் கேள்விதான்.

19/
நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறைக்கு அதுதான் தொடக்கம். 1952-ல் மாத்திரைக்கு அடங்காத வலிப்புள்ள ஓர் இளைஞருக்கு, வலிப்பு கிளம்பும் மூளைப் பகுதியை அகற்றினார். இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகள் மட்டும் போதாது. அவர்களுக்கு இப்படியும் ஒரு கதவு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

20/
அதே வேலூரில் இன்னொரு துப்பறியும் கதை. 1980-களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்போடு வந்தவர்கள் பலரின் மூளையில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. நம்ம நாட்டில் காசநோய் அதிகம், எனவே இதுவும் அதுதான் என்று மாசக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வளையம் மறைந்தது. டிபி மருந்துக்கு நல்ல பெயர்!

வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி குழுவினர் அந்த வளையங்களை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் அது நாடாப்புழுவின் சிறு பருவம். பலருக்குத் தானாகவே மறைகிற ஒன்று. மறுபடியும் சாவி கதை, இந்த முறை நம்ம கையில்.

21/
பன்றிக்கறியே தொடாத சைவக்காரர்களுக்கும் இது வரும். புழு இருப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, தண்ணீர், காய்கறி, கை வழியாக வாய்க்குப் போவதால் வருவது இது. இப்படிப்பட்டவர்களில் பலருக்கு வலிப்பு மாத்திரை ஆயுசுக்கும் தேவைப்படாது. வளையம் மறைந்ததை ஸ்கேனில் பார்த்துவிட்டு, டாக்டர் படிப்படியாக நிறுத்துவார். எத்தனை நாள் மாத்திரை என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்று, தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் 'வெந்நீர் வலிப்பு'. சுடச்சுடத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது மட்டும் வரும். சூட்டைக் குறைத்தாலே பலருக்குப் போதும். சிலருக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், முன்கூட்டி ஒரு குளோபசாம்.

22/
சரி, மருந்து இருக்கிறது. கிராமத்துக்குப் போய்ச் சேருகிறதா? கர்நாடகத்தில் எலந்தூர் என்ற ஊரகப் பகுதியில் டாக்டர் கே.எஸ். மணி குழுவினர் வீடு வீடாகப் போய் வலிப்பு நோயாளிகளைக் கண்டுபிடித்து, விலை குறைந்த ஃபீனோபார்பிடோன் அல்லது ஃபெனிடாயின் கொடுத்துப் பல வருஷம் தொடர்ந்தார்கள். 2001-ல் லான்செட்டில் வெளியான முடிவு: பழைய மருந்துகளே நன்றாக வேலை செய்கின்றன. ஒழுங்காகப் போட்டவர்களுக்கும், அதிகம் வலிப்பு வருவதற்கு முன்னமே தொடங்கியவர்களுக்கும் பலன் கூடுதல்.

இன்றைக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரைகள் இலவசம்.

23/
இலவசமாகக் கிடைக்கிற மாத்திரையை ஏன் ஒளிக்க வேண்டி வந்தது?

ஒரு சட்டத்தைச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருபவருக்கு நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே வரியில் வைத்திருந்தார்கள். 1999-ல் பாராளுமன்றம் 'வலிப்பு' என்ற சொல்லை அந்த வரியில் இருந்து நீக்கியது.

சட்டப் புத்தகத்தில் இருந்து போய் இருபத்தைந்து வருஷம் தாண்டிவிட்டது. அந்த அம்மாவின் மனசில் இருந்து இன்னும் போகவில்லை. குற்றம் அவர் மேல் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

24/
ஒளிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், அறிவு வளர்ச்சியும் பாதிக்கலாம். ஃபெனிடாயினிலும் கருவுக்கு ஆபத்து உண்டு, அதைவிடக் குறைவு. லாமோட்ரிஜின், 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெவெடிராசெட்டம் போன்ற புதிய மருந்துகள் இந்த விஷயத்தில் பாதுகாப்பானவை. ஆனால் கரு உருவாவதற்கு முன்பே மாற்ற வேண்டும், ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். மறைத்தால் இதையெல்லாம் யார் செய்வது?

பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வந்து விழுவதும் கருவுக்கு ஆபத்துதான். டாக்டரிடம் வாருங்கள்.

25/
ஏன் திடீரென்று நிறுத்தக் கூடாது? மாத்திரை வலிப்பைக் குணப்படுத்துவதில்லை, தினமும் தடுத்து நிறுத்துகிறது. கண்மாய்க் கரை மாதிரி. தண்ணீர் வெளியே வரவில்லை என்பதற்காகக் கரையை வெட்ட மாட்டோம் இல்லையா? திடீரென வெட்டினால், விட்டு விட்டு வரும் வலிப்பு விடாமல் வரும் வலிப்பாகக்கூட மாறும். அது உயிரைக் குடிக்கும். நிறுத்தும் காலம் பலருக்கும் வரும். அதை டாக்டர் மாதக்கணக்கில், சிறுகச் சிறுகக் குறைத்துச் செய்வார்.

26/
யாருக்காவது வலிப்பு வந்தால்:

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துண்டு வையுங்கள். வாயில் தண்ணீர், விரல், கரண்டி எதுவும் வேண்டாம். கை காலை அமுக்க வேண்டாம். சாவிக்குப் பதிலாகக் கடிகாரத்தை எடுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. முடிந்தால் ஒருவர் வீடியோ எடுங்கள். எந்த வகை வலிப்பு, எந்த மாத்திரை என்று முடிவு செய்ய எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

27/
அந்தப் பெண்ணுக்கு மருந்தை மறுபடி தொடங்கினோம். காலையில் அவர் சம்மதத்தோடு கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்தத் தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் மனைவியிடம் கேட்டார்: "இவ்வளவுதானா? சொல்லியிருந்தா நானே வாங்கிட்டு வந்து குடுத்திருப்பேன்ல?"

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது, தெரியும். ஆனாலும் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் முன் மருந்தை மாற்றலாமா என்று பார்க்க நரம்பியல் ஓ.பி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

28/
இதைப் படிக்கிற யாராவது வீட்டில் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தால், தயவுசெய்து வெளியே எடுங்கள். நூத்தைம்பது வருஷத்துக்கு மேலான உழைப்பு அதற்குள் இருக்கிறது. வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். டோஸ் மட்டும் இங்கே கேட்காதீர்கள், அதற்கு ஓ.பி.க்கு வாங்க. 🙏